பரிந்து பேச ஓர் ஆள்

பல வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையில் நடந்தது இது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கணினி அறையிலிருந்து ஒரு கீபோர்டைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கடைத்தெருவில் விற்கப் பார்த்திருக்கிறான். கடைக்காரர் பள்ளிக்குச் சொல்லிவிட்டார். அப்பாவை வரவழைத்தார்கள். அவர் லுங்கியை இறக்கிவிட்டுக் கைகட்டி நின்றபடி, "டீசியக் குடுத்துருங்க சார், இவன் படிச்சுக் கிழிச்சது போதும்" என்றார். மேசையைச் சுற்றி ஏழெட்டு ஆசிரியர்கள் இருந்தோம். நான் அவனுடைய வகுப்பாசிரியர். பையன் தலைமையாசிரியரையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவின் 'தி 400 ப்ளோஸ்' படத்தை இரண்டாவது முறையாகப் பார்த்தேன். முதல் முறை பார்த்தது கல்லூரிக் காலத்தில். அப்போது என் கண்ணில் பட்டதெல்லாம் கேமராதான். கடைசிக் காட்சியில் பையன் ஓட ஓடக் கூடவே ஓடும் அந்த நீண்ட ஷாட்டையும், கடலுக்கு முன்னால் அவன் திரும்பிப் பார்க்கையில் அப்படியே உறைந்துபோகும் சட்டகத்தையும் நண்பர்களோடு டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். இரண்டாவது முறை பார்த்தபோது கேமரா எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தட்டச்சு இயந்திரம் மட்டும்தான் தெரிந்தது. அந்துவான் துவானெல் என்ற பையன் அப்பாவின் அலுவலகத்திலிருந்து அதைத் திருடுகிறான். விற்க முடியவில்லை. திரும்பக் கொண்டுபோய் வைக்கப் போகும்போது காவலாளியிடம் மாட்டிக்கொள்கிறான். எடுத்ததற்காக அல்ல, திருப்பி வைக்க வந்ததற்காகப் பிடிபடுகிறான். அப்பாவே அவனைக் கையைப் பிடித்துக் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்.

பாதியில் நிறுத்திவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் பார்க்க முடிந்தது. அன்றிலிருந்து த்ரூஃபோ எனக்கு வேறு மனிதர் ஆகிவிட்டார். பிரெஞ்சு சினிமாவின் புதிய அலை, கேமராவைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர், இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்று முழங்கியவர் என்றெல்லாம் அவரைப் பற்றி எழுதுவார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையையும் எழுத்தையும் படங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இழை ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. பரிந்து பேசுவதுதான் அது. அவருக்காக ஒருவர் பரிந்து பேசினார். அவர் மிச்ச வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காகப் பரிந்து பேசினார். விமர்சகராக இருந்தபோதும் அதைத்தான் செய்தார், இயக்குநரான பிறகும் அதைத்தான் செய்தார்.

1932 பிப்ரவரி 6ஆம் தேதி பாரிஸில் பிறந்தவர். அம்மாவுக்கு அப்போது திருமணம் ஆகவில்லை. பிறகு அம்மாவை மணந்துகொண்ட ரோலான் த்ரூஃபோ குழந்தைக்குத் தன் பெயரைக் கொடுத்தார். பெற்ற தகப்பன் யார் என்பது 1968 வரை மகனுக்குத் தெரியாது. துப்பறியும் நிறுவனம் ஒன்றின் மூலம் தேடிக் கண்டுபிடித்தார். யூதர், பல் மருத்துவர். குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதி பாட்டி வீட்டில் போயிற்று. பாட்டிதான் புத்தகத்தைக் கையில் கொடுத்தவர். அவர் இறந்த பிறகு பெற்றோரிடம் வந்து சேர்ந்தான். சின்ன வீடு. அம்மாவுக்குச் சத்தம் ஆகாது. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் மட்டும் அவன் அங்கே இருக்கலாம். வாசகன் உருவாக இப்படியும் ஒரு வழி இருக்கிறது. எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது.

படிப்புக்கு வெளியே இருந்த இன்னொரு இடம் தியேட்டர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸ் அது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, காசில்லாமல், பின்வாசல் வழியாகவும் கழிவறை ஜன்னல் வழியாகவும் நுழைந்து பார்த்த படங்கள். தன் முதல் இருநூறு படங்களைத் திருட்டுத்தனமாகத்தான் பார்த்தேன் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த சந்தோஷத்துக்கு வயிற்றுவலியும் தலைவலியும் குற்ற உணர்வுமாக விலை கொடுத்ததையும் சேர்த்தே எழுதுகிறார். பிடித்த இயக்குநர்களைப் பற்றிப் பத்திரிகையில் வருவதையெல்லாம் வெட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு போட்டு வைத்திருந்தான். வீட்டில் அவனுக்கென்று ஒன்றும் இல்லை. அந்தக் கோப்புகள் இருந்தன.

பதினாறு வயதில் நண்பனோடு சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினான். படம் போடும் அதே நேரத்தில் பக்கத்தில் இன்னொரு சங்கமும் படம் போட்டது. கூட்டம் அங்கே போய்விடுகிறது. அதை நடத்துபவரைப் பார்த்து, உங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போனான். அங்கே இருந்தவர் ஆந்த்ரே பஸான்.

பஸானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியாது. 1918இல் பிறந்தவர். ஆசிரியராக வேண்டும் என்று படித்தவர். பேச்சில் திக்கல் இருந்ததால் வாய்மொழித் தேர்வில் தோற்றுப்போய் அந்த வேலை கிடைக்காமல் போனது. பள்ளியில் பாடம் நடத்த முடியாதவர் தொழிற்சாலைகளிலும் தொழிலாளர் அமைப்புகளிலும் படம் போட்டுக் காட்டி, திக்கித் திக்கியே அதைப் பற்றிப் பேசினார். ஒரு படத்தில் நல்லது என்ன இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது அவர் வழக்கம். சாதாரண மக்களின் வாழ்க்கையை நிஜ இடங்களில் படமாக்கிய இத்தாலிய நியோ ரியலிசத்தைப் பற்றியும், வெட்டாமல் நீளும் ஷாட்களைப் பற்றியும் அவர் எழுதியவை இன்றும் உலகமெங்கும் திரைப்படக் கல்லூரிகளில் பாடம். படித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கங்களில் கோபம் என்பதே கிடையாது.

பையனின் சங்கம் கடனில் மூழ்கியது. அப்பாவின் அலுவலகத்திலிருந்து ஒரு தட்டச்சு இயந்திரம் காணாமல் போயிற்று. ஆம், படத்தில் வருவது வாழ்க்கையில் நடந்தது. 1948 டிசம்பரில் அப்பாவே அவனைப் போலீசிடம் ஒப்படைத்தார். அங்கிருந்து வில்ழுய்ப் என்ற இடத்தில் இருந்த சிறுவர் கண்காணிப்பு விடுதிக்கு அனுப்பினார்கள். அவனுக்காகப் பேச உறவில் யாரும் வரவில்லை. சில வாரங்களுக்கு முன்னால் அறிமுகமான, திக்கிப் பேசும் அந்த மனிதர் வந்தார். இவனுக்கு வேலை நான் தருகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டார்.

ஒரு முறையோடு முடிந்திருந்தால் இரக்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். 1950இன் கடைசியில், காதலில் மனம் உடைந்து த்ரூஃபோ ராணுவத்தில் போய்ச் சேர்ந்தார். இந்தோசீனப் போருக்கு அனுப்பப்படும் நிலை வந்தபோது திரும்பிப் போகாமல் ஓடிப்போய், ராணுவச் சிறையில் அடைபட்டார். இரண்டாவது முறையும் அலைந்து திரிந்து வெளியே கொண்டுவந்தவர் பஸான். வெளியே வந்தவரை பஸானும் அவர் மனைவி ழானினும் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அங்கே உட்கார்ந்து அந்த இளைஞர் எழுதத் தொடங்கினார். பஸான் 1951இல் நண்பர்களோடு தொடங்கிய 'கையே து சினிமா' பத்திரிகையில் அவருக்கு இடம் கிடைத்தது.

பின்னாளில் இயக்குநர்களான ரோமர், ரிவெத், கோதார், ஷாப்ரோல் எல்லோரும் அங்கேதான் சேர்ந்தார்கள். படம் எடுப்பதற்கு முன்னால் எழுதிப் பழகிய ஒரு தலைமுறை. இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

1954 ஜனவரி இதழில் த்ரூஃபோவின் 'பிரெஞ்சு சினிமாவின் ஒரு குறிப்பிட்ட போக்கு' வெளியானது. வயது இருபத்திரண்டு கூட நிறையவில்லை. அதை அச்சுக்கு அனுப்பும் முன் பஸான் திரும்பத் திரும்பத் திருத்தி எழுத வைத்தார். அந்தக் காலத்தில் பிரான்ஸில் கௌரவமாகப் பேசப்பட்ட படங்கள் பெரும்பாலும் நாவல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ழான் ஓரான்ஷ், பியர் போஸ்த் என்ற இருவர்தான் அவற்றுக்குப் பேர்போன திரைக்கதையாசிரியர்கள். நாவலில் ஒரு காட்சி படமாக்க முடியாதது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். அதற்குச் சமமான வேறொரு காட்சியைத் தாங்களே இட்டு நிரப்புவார்கள். த்ரூஃபோ இதைத்தான் பிடித்தார். 'நாட்டுப்புறப் பாதிரியாரின் நாட்குறிப்பு' நாவலுக்கு ஓரான்ஷ் எழுதி, படமாகாமல் போன திரைக்கதையை எடுத்து வைத்துக்கொண்டு, அதே நாவலை ப்ரெஸோன் 1951இல் படமாக்கிய விதத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார். படமாக்க முடியாதது என்று நீங்கள் சொன்னது இதோ படமாகியிருக்கிறதே என்று கேட்டார். எழுதியவர் ஒருவர், காட்சியாக்கியவர் இன்னொருவர் என்ற சினிமாவைத் தள்ளிவிட்டு, ரெனுவார், ப்ரெஸோன், கொக்தோ, தத்தி போன்று தாமே எழுதித் தாமே உருவாக்கும் இயக்குநர்களின் சினிமாவுக்காக வாதாடினார். இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்று நாம் இன்று சர்வசாதாரணமாகச் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இந்தக் கட்டுரையை நான் பலமுறை படித்திருக்கிறேன். வாதம் கூர்மையானது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒன்று உறுத்துகிறது. அந்தத் திரைக்கதைகளை த்ரூஃபோ பெற்றது பியர் போஸ்திடம் நேரில் கேட்டு வாங்கித்தான். நம்பிக் கொடுத்தவரின் தாள்களை வைத்தே அவரை அடித்தார். பரிந்து பேச ஆளில்லாமல் வளர்ந்தவர், தனக்குப் பிரியமானவர்களுக்காகப் பேசுகையில் எதிரில் இருப்பவர்களும் மனிதர்கள்தான் என்பதை மறந்துவிட்டார். 'ஆர்' என்ற வார இதழில் அவர் எழுதிக் குவித்த நூற்றுக்கணக்கான விமர்சனங்களில் இந்த மறதி அடிக்கடி தென்படும். இருபது வருஷம் கழித்து, 1974இல், பெர்த்ரான் தவர்னியே என்ற இன்னொரு விமர்சகர் தன் முதல் படத்தை இயக்கியபோது திரைக்கதை எழுத ஓரான்ஷையும் போஸ்தையும்தான் தேடிப் போனார். ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அந்த முதியவர்களுக்காகவும் ஒருவர் பரிந்து பேச வேண்டியிருந்தது. தவர்னியேவின் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு அந்தப் படத்தைவிட இந்தச் செயல்தான் முதல் காரணம்.

நம் பக்கத்துக்கு வந்து உறைக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1956இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' திரையிடப்பட்டபோது த்ரூஃபோ பாதியில் எழுந்து போனார். அந்தக் கிராமத்து மனிதர்களைப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. அதே விழாவில், நடுவர்களில் பலர் சரியாகப் பார்க்காமல் விட்ட அந்தப் படத்தை மறுபடியும் திரையிட வேண்டும் என்று சில விமர்சகர்கள் வற்புறுத்தினார்கள். அவர்களில் பஸானும் ஒருவர். மறுபடியும் திரையிடப்பட்டது. 'சிறந்த மானுட ஆவணம்' என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. சீடன் எழுந்து போன படத்துக்காகக் குரு நின்று பேசியிருக்கிறார். அப்புவும் துர்க்காவும் ரயில் பார்க்க ஓடும் அந்தக் காட்சிக்கும், மூன்று வருஷம் கழித்து அந்துவான் கடல் பார்க்க ஓடியதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? இரண்டு படங்களையும் நேசிக்கிற எனக்கு இந்தச் சம்பவம் இன்றுவரை வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் அவர் விரும்பியவர்களுக்காக எவ்வளவு தூரம் போவார் என்பதற்குத் திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் கதை போதும். 1955 குளிர்காலத்தில் ஹிட்ச்காக் பாரிஸ் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு வேலையாக வந்திருந்தார். பேட்டி எடுக்க த்ரூஃபோவும் ஷாப்ரோலும் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு போனார்கள். இருட்டான அரங்கிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த இரண்டு பேருக்கும் கண் கூசியது. முற்றத்தில் உறைந்து கிடந்த குளத்தின் மேல் நடந்தார்கள். பனிக்கட்டி உடைந்து இருவரும் தண்ணீருக்குள். சொட்டச் சொட்ட நனைந்து ஹிட்ச்காக் முன்னால் போய் நின்றார்கள். அடுத்த வருஷம் அவர் மறுபடி பாரிஸ் வந்தபோது கூட்டத்தில் இருவரையும் அடையாளம் கண்டு, விஸ்கி கிளாஸில் இரண்டு ஐஸ் கட்டிகள் மோதும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான் வருகிறது என்றாராம்.

அமெரிக்காவில் அப்போது ஹிட்ச்காக்கைப் பொழுதுபோக்குப் படக்காரர் என்றுதான் வைத்திருந்தார்கள். 1962இல் மூன்று படங்களை முடித்து உலகப் புகழ் பெற்றிருந்த த்ரூஃபோ தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அமெரிக்கா போனார். ஆங்கிலம் சரியாக வராது. ஹெலன் ஸ்காட் என்ற பெண்மணி கூட இருந்து மொழிபெயர்க்க, ஒரு வாரம் தினமும் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக, சில இடங்களில் ஒவ்வொரு ஷாட்டாகக் கேட்டார். நான்கு வருஷம் உழைத்து 1966இல் புத்தகமாக்கினார். தன் படம் ஓடும் காலத்தில் இன்னொருவரின் படத்துக்காக நான்கு வருஷம்! நம் ஊரில் ஓர் இயக்குநர் தன் முன்னோடி ஒருவருக்காக இப்படி உட்கார்ந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, பயத்தை நீட்டிக் கொண்டுபோகும் உத்தி என்று அதில் உள்ளதெல்லாம் தொழில் பேச்சு. புகழாரம் தேடினால் கிடைக்காது. ஒருவரை மதிப்பது என்றால் அவர் வேலையை நுணுக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என்று நான் கற்றது அந்தப் புத்தகத்திலிருந்து.

சரி, படங்களுக்கு வருகிறேன். 1958இல் கான் விழா அவருக்கு விமர்சகர் அனுமதிச் சீட்டே தரவில்லை. அவ்வளவு கெட்ட பேரைச் சம்பாதித்து வைத்திருந்தார். மறு வருஷம் அதே விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு வாங்கினார். இரண்டுக்கும் நடுவே, 1958 நவம்பர் 10ஆம் தேதி 'தி 400 ப்ளோஸ்' படப்பிடிப்பு தொடங்கியது. முதல் நாள் வேலை முடிந்ததும் பஸான் வீட்டுக்கு ஓடினார். ரத்தப் புற்றுநோயோடு பல காலம் போராடிக்கொண்டிருந்த பஸான் அந்த இரவு இறந்துபோனார். வயது நாற்பது. அவர் மீட்டுக் கொண்டுவந்த பையன் இயக்கிய முதல் முழுநீளப் படத்தின் ஒரு சட்டகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. படம் அவர் நினைவுக்குக் காணிக்கை என்ற எழுத்துகளோடு தொடங்குகிறது.

அந்தப் படத்தில் கெட்டவர்கள் கிடையாது. என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுப்பது இதுதான். அம்மா அலுத்துப்போன, அழகான, இளம் பெண். அப்பா சிரிப்பு மூட்டுகிற, பலவீனமான மனிதர். ஆசிரியருக்கும் பொறுமை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஒருவருக்கும் அந்தப் பையன் மேல் தனிப்பட்ட விரோதம் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவராகக் கையை விட்டுவிட, போலீஸ் வண்டியின் கம்பிக்குப் பின்னால் பாரிஸின் இரவு விளக்குகள் நகர்ந்து போவதைப் பார்த்து அவன் அழுகிறான். படம் முழுவதிலும் அந்துவான் அழுவது அந்த ஒரு இடத்தில்தான். இருட்டில் கன்னத்தில் மினுங்கும் அந்த ஈரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசிரியர் அறை வந்துவிடும். அங்கேயும் கெட்டவர்கள் யாரும் இல்லை.

அந்துவானாக நடித்த ழான் பியர் லெயோவுக்கு அப்போது பதினான்கு வயது. செய்தித்தாள் விளம்பரம் பார்த்து வந்த பையன். அவனும் பள்ளிகளில் நிலைத்து நிற்காதவன். படம் முடிந்ததும் த்ரூஃபோ அவனை விட்டுவிடவில்லை. படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்தார், வளர்ந்ததும் தன் படத்தில் உதவி இயக்குநராக வைத்துக்கொண்டார். 1959இலிருந்து 1979 வரை இருபது வருஷம், நான்கு முழுநீளப் படங்களிலும் ஒரு குறும்படத்திலும் அதே நடிகர் அதே அந்துவானாக வளர்ந்து, காதலித்து, மணந்து, பிரிந்து வருகிறார். இந்த வரிசையை எல்லோரும் கதையாகப் பார்ப்பார்கள். நான் அதை ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் பொறுப்பைக் கைவிடாமல் வைத்திருந்ததற்கான சாட்சியாகவும் பார்க்கிறேன்.

வரிசையின் கடைசிப் படமான 'லவ் ஆன் தி ரன்' பலருக்குப் பிடிக்காது. பழைய படங்களின் துண்டுகளை ஒட்டி எடுத்தது என்பார்கள். உண்மைதான், ஆனால் அதில் ஓர் இடம் உண்டு. முதல் படத்தில், பள்ளிக்கு மட்டம் போட்ட அந்துவான் தெருவில் அம்மா வேறோர் ஆணை முத்தமிடுவதைப் பார்த்துவிடுகிறான். இருபது வருஷம் கழித்து, வயதாகிப்போன அதே ஆள் அந்துவானைச் சந்திக்கிறார். உன் அம்மா உன்னை நேசித்தாள், அவளுக்குக் காட்டத் தெரியவில்லை என்கிறார். மோன்மார்த்ரு கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் அவள் சமாதியைக் காட்டுகிறார். முதல் படம் வெளிவந்தபோது த்ரூஃபோவின் பெற்றோர் மிகவும் புண்பட்டார்கள். அம்மா 1968இல் இறந்தார். மகன் அம்மாவுக்காகப் பரிந்து பேச இன்னும் பதினொரு வருஷம் ஆயிற்று. அதையும் யாரை வைத்துப் பேசினார் என்று பாருங்கள். அம்மாவின் காதலரை வைத்து. த்ரூஃபோ இறந்தபோது அவரைப் புதைத்ததும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான்.

'ஜூல் ஏ ஜிம்' படத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்பார்கள். அற்புதமான படம், ஆனால் எனக்கு அவ்வளவு நெருங்கி வரவில்லை. 'ஃபாரன்ஹீட் 451' அதைவிடத் தூரம். 'டே ஃபார் நைட்' ஆஸ்கர் வாங்கியது, கோதாரோடு இருந்த நட்பை நிரந்தரமாக உடைத்தது. அதில் எனக்குப் பிரியமான காட்சி, இயக்குநர் காணும் கனவு. நடு இரவில் ஒரு சிறுவன் கைத்தடியோடு நடந்து வந்து, மூடிய தியேட்டரின் கம்பிக்குள் கையை விட்டு 'சிட்டிசன் கேன்' படத்தின் புகைப்படங்களைத் திருடிக்கொண்டு ஓடுவான்.

ஓர் ஆசிரியனாக நான் தலைவணங்குவது 1970இல் வந்த 'தி வைல்ட் சைல்ட்' படத்துக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தெற்குப் பிரான்ஸில் அவேரோன் காட்டுப்பக்கம் பிடிபட்ட, பேச்சில்லாத ஒரு சிறுவனின் உண்மைக் கதை. குணப்படுத்த முடியாத பிறவிக் குறை என்று பெரிய மருத்துவர்கள் கைவிட, இதார் என்ற இளம் மருத்துவர் பொறுப்பேற்று, விக்தோர் என்று பெயர் வைத்துக் கற்றுக்கொடுக்கிறார். இதாராக நடித்தது த்ரூஃபோவேதான். அந்தப் பையனுக்கும் தனக்கும் நடுவே இன்னொரு நடிகர் நிற்பதை அவர் விரும்பவில்லை. படம் லெயோவுக்குக் காணிக்கை.

அதில் ஒரு பரிசோதனை வரும். விக்தோருக்கு நியாயம் அநியாயம் தெரியுமா என்று இதாருக்கு அறிய வேண்டும். பையன் கொடுத்த பாடத்தைச் சரியாகச் செய்து முடிக்கிறான். இதார் வேண்டுமென்றே கோபம் காட்டி, தவறு செய்தவனைத் தண்டிப்பதுபோல இருட்டு அறைக்கு இழுத்துப்போகிறார். பையன் எதிர்க்கிறான், அவர் கையைக் கடிக்கிறான். இதார் அவனைக் கட்டி அணைத்துக்கொள்கிறார். கடித்தாய் அல்லவா, அப்படியென்றால் உனக்கு அநியாயம் புரிகிறது, நீ முழு மனிதன்! வகுப்பில் ஒரு பையன் எதிர்த்துப் பேசும்போது முன்பெல்லாம் எனக்குச் சுர்ரென்று ஏறும். இப்போது ஒரு நொடி இந்தக் கடி ஞாபகத்துக்கு வருகிறது. அந்த ஒரு நொடி பல தடவை போதுமானதாக இருந்திருக்கிறது.

1976இல் வந்த 'ஸ்மால் சேஞ்ச்' பிரான்ஸின் சின்ன ஊர் ஒன்றில், பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடப்பது. கடைசியில், வீட்டில் அடி வாங்கி வந்த ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர் வகுப்பில் நீளமாகப் பேசுவார். பெரியவர்களுக்கு வாழ்க்கை பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள வழி உண்டு, குழந்தைகளுக்கு அது கிடையாது, அவர்களுக்கு ஓட்டு இல்லை, அதனால் அரசியல்வாதிகள் அவர்களைப் பற்றி நினைப்பதில்லை என்பார். சினிமாவாகப் பார்த்தால் அது பிரசங்கம்தான். இருபத்திரண்டு வயது விமர்சகர் த்ரூஃபோ அந்தக் காட்சியைக் கிழித்து எறிந்திருப்பார். நாற்பத்து நான்கு வயது த்ரூஃபோ அதை வைத்துக்கொண்டார். நல்லவேளை வைத்துக்கொண்டார்.

இறந்தவர்களை நினைப்பது பற்றியும் அவர் ஒரு படம் எடுத்திருக்கிறார், 'தி கிரீன் ரூம்', 1978. முதல் உலகப் போரில் நண்பர்களையும், பிறகு மனைவியையும் பறிகொடுத்த ஒருவன், இடிந்த ஒரு சிற்றாலயத்தைச் சரிசெய்து, தன்னுடைய இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறான். சுவரெல்லாம் புகைப்படங்கள். அவற்றில் தான் நேசித்த கலைஞர்களின் உண்மையான படங்களையும் த்ரூஃபோ மாட்டி வைத்தார். அந்த மனிதனாக நடித்ததும் அவர்தான். படம் ஓடவில்லை. கார்த்திகை தீபத்தன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் அகல் வரிசையாக எரிவதைப் பார்த்தால் எனக்கு அந்த ஆலயம் நினைவுக்கு வரும். இறந்தவர்களை விட்டுக்கொடுக்க மறுக்கிற அந்தப் பிடிவாதம் படத்தில் பயமாகவும் இருக்கும், பரிசுத்தமாகவும் இருக்கும்.

1983 கோடையில் மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அதே செப்டம்பரில் கடைசி மகள் பிறந்தாள். 1984 அக்டோபர் 21ஆம் தேதி போய்விட்டார். ஐம்பத்திரண்டு வயது. முப்பது படம் எடுத்துவிட்டு ஓய்ந்து புத்தகம் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தவர் இருபத்தொன்றோடு நின்றுபோனார். சண்டை போட்டுப் பிரிந்த கோதார், 1988இல் த்ரூஃபோவின் கடிதங்கள் நூலாக வந்தபோது அதற்கு முன்னுரை எழுதினார்.

போன மாதம் 'தி 400 ப்ளோஸ்' படத்தை மறுபடியும் போட்டேன். இந்த முறை நான் பொறுமையாக நின்று பார்த்த இடம், சீர்திருத்த விடுதியில் மனநல நிபுணர் அந்துவானிடம் கேள்வி கேட்கும் காட்சி. மேசைக்கு முன்னால் பையன் மட்டும் தெரிகிறான். கேட்பவளின் குரல் மட்டும் வரும், முகம் வராது. ஒரு பதில் கரைந்து அடுத்த பதில் வருகிறது. ஏன் பொய் சொல்கிறாய் என்று கேட்டால், உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், அதனால் பொய்யே சொல்லிவிடுகிறேன் என்கிறான். கையை மேசையில் தேய்க்கிறான், தோளைக் குலுக்குகிறான், சிரிக்கிறான்.

அந்தக் காட்சிக்கு வசனம் எழுதித் தரவில்லை. கேமரா பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டவர் த்ரூஃபோ. லெயோ தனக்குத் தோன்றியதைச் சொன்னான். பெண் குரல் பிறகு சேர்க்கப்பட்டது. த்ரூஃபோவின் குரலை எடுத்துவிட்டார்கள், பையனின் பார்வையை ஒன்றும் செய்ய முடியாதல்லவா. அவன் கண் நிமிரும்போதெல்லாம் கேமராவுக்குச் சற்றுப் பக்கத்தில் யாரையோ பார்க்கிறது. வில்ழுய்ப் விடுதியிலிருந்து பத்து வருஷம் முன்னால் வெளியே வந்த ஒருவர் அங்கே உட்கார்ந்து, அடுத்த கேள்விக்கு அவசரப்படாமல், அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.